நல்லா இருக்கிற உடம்புக்கு எதுக்கு ஊசி?

எங்கள் பெரியம்மா கும்பகோணம் பக்கம் ஒரு சிறிய ஊரில் இருக்கிறார். சர்க்கரை உண்டு, மூட்டு வலி உண்டு. சளி, காய்ச்சல் என்று டாக்டரிடம் போய் மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்தால் அவருக்கு மனசு ஆறாது. "ஒரு ஊசி போட்டு விட்டுருங்க சார், அப்பதான் கேக்கும்" என்பார். அந்த ஊசியில் என்ன மருந்து இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

2021 மார்ச்சில் 60 வயது தாண்டியவர்களுக்குக் கொரோனா தடுப்பூசி ஆரம்பித்தது. பக்கத்துத் தெருவிலேயே ஆரம்ப சுகாதார நிலையம், கூட்டமும் இல்லை. நான் போன் செய்து சொன்னேன். "நல்லா இருக்கிற உடம்புக்கு எதுக்குடா ஊசி? ஏதாவது ஆச்சுன்னா யார் பார்ப்பா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

மே மாதம் எதிர்வீட்டில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். யாருக்கோ எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டின் படம் வாட்ஸாப்பில் வந்திருக்கிறது. பெரியம்மா அதை மெடிக்கல் ஷாப்பில் காட்டி அத்தனையும் வாங்கிவிட்டார். வீடியோ காலில் எவர்சில்வர் டப்பாவைத் திறந்து காட்டினார். அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின், ஐவர்மெக்டின், ஜிங்க், வைட்டமின் சி என்று அட்டை அட்டையாக இருந்தது. ஐவர்மெக்டின் அட்டையில் இரண்டு மாத்திரையைக் காணோம். கேட்டால், "வரதுக்கு முன்னாடியே போட்டுக்கிட்டா நல்லதாம்" என்றார்.

கோடிக்கணக்கானவர்களுக்குப் போட்டுப் பார்த்த, டாக்டரும் நர்ஸும் பக்கத்தில் இருக்கும்போது போடுகிற தடுப்பூசி அவருக்குப் பயம். யாரோ ஒருவருக்கு எழுதிய ஐந்து மருந்துகளை அவராகவே விழுங்குவதில் பயமே இல்லை. படிக்காதவர் என்று நினைத்துவிட வேண்டாம். பெரியம்மா முப்பது வருஷம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்த டீச்சர். இந்த முரண் அறிவுக் குறைவால் வருவதில்லை. நம் எல்லோர் மனசும் ஆபத்தை அளக்கும் விதமே இப்படித்தான். அதைத்தான் இந்தக் கட்டுரையில் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

ரிஸ்க் என்ற ஒரே சொல்லில் இரண்டு சங்கதிகள் கலந்திருக்கின்றன. ஒன்று எண்ணிக்கை: எத்தனை பேரில் எத்தனை பேருக்குக் கெடுதல் வரும் என்பது. மற்றது அந்தச் சொல்லைக் கேட்டதும் வயிற்றுக்குள் எழுகிற பயம். இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கும் என்று நினைக்கிறோம். அப்படி நடப்பதில்லை. ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் மாட்டிக்கொண்டு பைபாஸில் பறக்கிறவர், விமானம் மேலே கிளம்பும்போது இருக்கையின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்கிறார். எண்ணிக்கைப்படி பார்த்தால் அவர் பயப்பட வேண்டிய இடம் பைபாஸ்.

அமெரிக்க உளவியலாளர் பால் ஸ்லோவிக் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1987-ல் சயன்ஸ் இதழில் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் எல்லோரும் தொடங்கும் இடம். அவர் கண்டது சுருக்கமாக இதுதான். ஒரு விஷயம் புதியதாக, கண்ணுக்குப் புலப்படாததாக, நம் கையில் இல்லாததாக, வந்தால் திரும்ப முடியாததாகத் தோன்றினால் பயம் பெருகும். பழகியதாக, நாமே விரும்பி எடுத்துக்கொண்டதாக இருந்தால் பயம் சுருங்கும். சாவு எத்தனை என்ற கணக்கு இதில் பின்னால்தான் வருகிறது. தடுப்பூசி புதியது, அரசாங்கம் கூப்பிட்டுப் போடுகிறது, உள்ளே போனதைத் திரும்ப எடுக்க முடியாது. மாத்திரை அட்டையோ பழகிய பொருள். கடையில் நாமே கேட்டு வாங்கி நம் கையாலேயே போட்டுக்கொள்கிறோம்.

கீழ்ப்பாக்கத்தில் நின்ற வரிசை

ஒரு மாநிலமே இந்த முரணை நேரில் பார்த்த வருஷம் 2021.

ஆண்டின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் தடுப்பூசி போட ஆள் வரவில்லை. கோவிஷீல்டு தடுப்பூசியில் ஒரு குப்பி பத்துப் பேருக்கானது. திறந்தால் 4 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும், இல்லையென்றால் கொட்ட வேண்டியதுதான். காலையில் வந்த மூன்று பேருக்காகக் குப்பியைத் திறந்தால் ஏழு பேருக்கானது வீணாகும். ஏப்ரல் 11 வரையான கணக்கைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கியபோது, தமிழ்நாட்டில் வீணானது 12 விழுக்காட்டுக்கும் மேல் என்று பதில் வந்தது. நாட்டிலேயே அதுதான் அதிகம்.

அதே ஏப்ரல் கடைசியில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில், கொரோனா நோயாளிகளுக்கு ஊசியாக ஏற்றும் ரெம்டெசிவிர் மருந்தை அரசு நேரடியாக விற்கத் தொடங்கியது. வெளியூரிலிருந்தெல்லாம் வந்து, ராத்திரி நடைபாதையிலேயே படுத்து, மறுநாள் வெயிலில் மணிக்கணக்காக நின்றார்கள். கூட்டம் தாங்காமல் மே மாதம் விற்பனையை நேரு விளையாட்டரங்கத்துக்கு மாற்றினார்கள். பிறகு தனிமனிதர்களுக்கு விற்பதையே நிறுத்தி, மருத்துவமனைகளுக்கே கொடுத்தார்கள். கள்ளச் சந்தையில் பல மடங்கு விலைக்கு விற்றவர்கள் கைதானார்கள்.

அந்த வரிசையில் நின்றவர்களை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. உள்ளே அப்பாவோ மனைவியோ ஆக்சிஜனில் இருக்கிறார்கள், ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக் கொடுத்து வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்கள். யாராயிருந்தாலும் ஓடத்தான் செய்வார்கள். ஆனால் அவர்கள் தேடி அலைந்த மருந்தைப் பற்றி அப்போதே தெரிந்திருந்தது என்ன? உலக சுகாதார நிறுவனம் பல நாடுகளில் நடத்திய பெரிய சோதனையின் முடிவு 2020 அக்டோபரிலேயே வந்துவிட்டது: மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளின் இறப்பை ரெம்டெசிவிர் குறைத்ததாகத் தெரியவில்லை. நவம்பரில் அந்த நிறுவனம் இதைக் கொடுக்கப் பரிந்துரைக்க மாட்டோம் என்றே சொன்னது. நோய் முற்றும் முன் ஆரம்ப நாட்களில் கொடுத்தால் பயன் உண்டு என்று பின்னால் தெரிந்து, 2022-ல் பரிந்துரை மாறியது. ஆனால் கீழ்ப்பாக்கத்து வரிசை பெரும்பாலும் மூச்சுத் திணறலில் கிடந்தவர்களுக்காக நின்ற வரிசை.

நன்மை உறுதியாக நிரூபணமான ஊசிக்கு மார்ச்சில் ஆள் இல்லை. நன்மை சந்தேகமான ஊசிக்கு மே மாதத்தில் நடைபாதையில் படுக்கை. அதன் பக்கவிளைவு என்ன என்று அந்த வரிசையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கல்லீரல் நொதிகள் ஏறலாம், இதயத் துடிப்பு குறையலாம் என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது.

வித்தியாசம் மருந்தில் இல்லை, உடம்பு இருந்த நிலையில் இருக்கிறது. நோயாளியின் உடம்பில் கெடுதல் ஏற்கெனவே குடியேறிவிட்டது. அங்கே எதைச் செய்தாலும் அது காப்பாற்றும் முயற்சி. நல்ல உடம்பில் இழக்க எல்லாம் இருக்கிறது, கிடைப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. தடுப்பூசி வேலை செய்தால் என்ன நடக்கும்? ஒன்றுமே நடக்காது. வராத நோயை யாரும் பார்ப்பதில்லை. "போன வருஷம் அந்த ஊசி போட்டதால பொழைச்சேன்" என்று விரல் நீட்டிச் சொல்ல ஒரு ஆள் கிடையாது. ஆனால் ஊசி போட்ட அன்று ராத்திரி வந்த காய்ச்சலை எல்லோரும் பார்க்கிறார்கள்.

'நம்ம கையாலேயே'

குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தயங்கும் தாய்மார்களிடம் பேசினால் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும்: "நம்ம கையாலேயே கூட்டிட்டுப் போய்க் கெடுதல் பண்ணிட்டோம்னு ஆயிடக் கூடாதுல்ல?" தானாக வந்த நோயில் குழந்தைக்கு ஏதாவது ஆனால் அது விதி, கடவுள் செயல். தூக்கிக்கொண்டு போய்ப் போட்ட ஊசியால் ஆனால் அது நம் பழி. எண்ணிக்கையில் முதல் கெடுதல் நூறு மடங்கு பெரிதாக இருந்தாலும் மனசு இரண்டாவதைத்தான் பெரிதாக எடுத்துக்கொள்ளும். செய்ததால் வரும் கெடுதலைச் செய்யாததால் வரும் கெடுதலைவிடக் கனமாக நிறுப்பது மனித இயல்பு.

இலானா ரிடோவ், ஜொனாதன் பாரன் என்ற இரு ஆய்வாளர்கள் 1990-ல் இதைச் சோதித்தார்கள். ஒரு காய்ச்சல் 10,000 குழந்தைகளில் 10 பேரைக் கொல்லும். ஒரு தடுப்பூசி அந்தக் காய்ச்சலை அடியோடு தடுக்கும், ஆனால் அந்த ஊசியாலேயே சில குழந்தைகள் இறக்கலாம். ஊசியால் வரும் சாவு எத்தனை வரை இருந்தால் போடுவீர்கள் என்று கேட்டார்கள். வெறும் கணக்குப் பார்த்தால் 9 வரை சரி என்று சொல்ல வேண்டும். பலர் அதைவிட மிகக் குறைவாக இருந்தால்தான் போடுவோம் என்றார்கள். ஒன்றுகூடக் கூடாது என்றவர்களும் உண்டு.

பெஞ்சமின் ஃபிராங்க்ளினுக்கு இது வாழ்க்கையிலேயே நடந்தது. மின்னலை ஆராய்ந்த அதே ஃபிராங்க்ளின்தான். பெரியம்மை குத்திக்கொள்வது நல்லது என்று ஊருக்கு எடுத்துச் சொன்ன மனிதர். அவருடைய நான்கு வயது மகன் 1736-ல் பெரியம்மையில் இறந்தான். அவனுக்குக் குத்தியிருக்கவில்லை. குத்தாமல் விட்டதை நினைத்து வெகுகாலம் வருந்தியதாகத் தன் வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார். குத்தி ஏதாவது ஆகிவிட்டால் தங்களை மன்னிக்கவே முடியாது என்று நினைக்கும் பெற்றோருக்காக இதைச் சொல்கிறேன் என்றும் எழுதினார். இரண்டு பக்கமும் வருத்தம் ஒன்றுதான் என்பது அவர் வாதம். என்னைக் கேட்டால், பயப்படும் தாயிடம் புள்ளிவிவரத்தை நீட்டுவதைவிட இந்தக் கதையைச் சொல்வது மேல். அவளுடைய பயத்தை அது மதிக்கிறது.

காக்கை உட்கார்ந்ததும் பனம்பழம் விழுந்ததும்

2021 ஏப்ரல் 15. நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் எல்லோர் முன்னாலும் தடுப்பூசி போட்டுக்கொண்டு, மற்றவர்களும் போட்டுக்கொள்ள வேண்டும் என்று பேசினார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி விடியற்காலையில் இறந்துபோனார். தமிழ்நாடே அழுதது. இதயத்தின் முக்கிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு இருந்தது, அது ஒரே நாளில் உண்டாகிற அடைப்பு இல்லை என்று சிகிச்சை அளித்த மருத்துவர்கள் சொன்னார்கள். தடுப்பூசிக்குப் பின் வரும் பாதகங்களை ஆராயும் தேசியக் குழுவும் அந்த ஆண்டு அக்டோபரில், அவருடைய மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பு இல்லை என்று அறிவித்தது. ஆனால் ஏப்ரலிலேயே ஊர் முடிவு செய்துவிட்டது. முந்தின நாள் ஊசி, மறுநாள் மாரடைப்பு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இதை முட்டாள்தனம் என்று யாரும் சொல்லக் கூடாது. அடுத்தடுத்து நடப்பதை முடிச்சுப் போட்டுப் பார்த்துத்தான் மனித இனம் இத்தனை காலம் பிழைத்திருக்கிறது. எந்தக் காயைத் தின்றால் வாந்தி வரும் என்று அப்படித்தான் கற்றுக்கொண்டோம். சிக்கல் எங்கே வருகிறது என்றால், லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் ஒரு காரியம் நடக்கும்போது. கொஞ்சம் கணக்குப் போடுவோம்.

தமிழ்நாட்டில் கொரோனாவுக்கு முந்தைய சாதாரண ஆண்டில் சுமார் 6 லட்சம் பேர் இறந்தார்கள். ஒரு நாளைக்கு 1,600-க்கு மேல். மக்கள்தொகை 7.5 கோடி என்று வைத்துக்கொண்டால், எந்த நாளை எடுத்தாலும் ஏறக்குறைய 46,000 பேரில் ஒருவருக்கு அதுதான் கடைசி நாள். இப்போது 2021 செப்டம்பர் 12-ஐப் பாருங்கள். முதல் மெகா தடுப்பூசி முகாம், ஒரே நாளில் 28 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டார்கள். அந்த 28 லட்சம் பேருக்கும் ஊசிக்குப் பதிலாக ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்பியிருந்தாலும், அவர்களில் சுமார் 60 பேர் அடுத்த ஒரு நாளில் இறந்திருப்பார்கள். ஒரு வாரத்தில் 400-க்கும் மேல். படுக்கையில் கிடப்பவர்கள் முகாமுக்கு வர மாட்டார்கள் என்று பாதியைக் கழித்தாலும் வாரத்துக்கு 200 குடும்பங்கள். அத்தனை வீட்டிலும் "மோர் குடிச்சிட்டு வந்தார், போயிட்டார்" என்றுதான் பேச்சு இருக்கும். அவர்கள் பொய் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். 28 லட்சம் மரத்தில் காக்கை உட்கார்ந்தால் எங்கேயாவது பழம் விழாமல் இருக்காது.

அப்படியானால் எது காக்கை, எது பழம் என்று எப்படிப் பிரிப்பது? எதிர்பார்த்த எண்ணிக்கையோடு நடந்ததை ஒப்பிட வேண்டும். போட்டவர்களிடம், போடாதவர்களைவிட அதிகமாக அது நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். தடுப்பூசிக்குப் பிந்தைய மரணங்கள் 'தற்செயல்' என்று தள்ளிவிடப்படுகின்றன என்ற கோபம் பலருக்கு இருக்கிறது. ஆனால் இதே ஒப்பீட்டுக் கணக்குதான் ஒரு உண்மையான பக்கவிளைவையும் பிடித்துக் கொடுத்தது. அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசி, அதாவது நம் ஊர் கோவிஷீல்டு போட்டவர்களில் மிகச் சிலருக்கு மூளையின் சிரைகளில் ரத்தம் உறைவதும், அதே நேரம் ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைவதும் ஐரோப்பாவில் 2021 மார்ச்சில் கவனத்துக்கு வந்தன. இந்தச் சேர்க்கை சாதாரணமாக வருகிற எண்ணிக்கையைவிட அதிகமாக இருந்தது. பல நாடுகள் ஊசியை நிறுத்தி வைத்து ஆராய்ந்தன. ஏப்ரல் 7-ஆம் தேதி ஐரோப்பிய மருந்து முகமை இதை மிக அரிதான பக்கவிளைவு என்று வெளிப்படையாகச் சேர்த்தது.

எவ்வளவு அரிது? 2021 மே மாதம் இந்தியக் குழு வெளியிட்ட அறிக்கைப்படி இங்கே பதிவானது 10 லட்சம் டோஸுக்கு 0.61. இங்கிலாந்தில் 4, ஜெர்மனியில் 10 என்று அதே அறிக்கை சொன்னது. நம் ஊரில் பதிவாகாமல் விட்டுப்போனது இருக்கலாம், அதனால் ஜெர்மனியின் எண்ணையே எடுத்துக்கொள்வோம். 10 லட்சம் பேரில் 10 பேர். மறுபக்கம், 65 வயதில் தடுப்பூசி இல்லாமல் கொரோனா வந்தால் இறப்பு நூற்றுக்கு ஒருவரை ஒட்டி இருந்தது. 10 லட்சம் பேரில் 10,000 பேர். 'வந்தால்தானே?' என்று கேட்கலாம், நியாயமான கேள்வி. 2021 ஜூன், ஜூலையில் நாடு முழுக்க ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தபோது, தடுப்பூசியே போடாதவர்களில் 60 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஏற்கெனவே தொற்று வந்து போயிருந்தது.

இருபது வயதுப் பையனுக்கு இதே கணக்கு வேறு மாதிரி வரும். கொரோனாவில் அவனுக்கு ஆபத்து மிகக் குறைவு, உறைவு ஆபத்தோ இளையவர்களுக்குச் சற்றுக் கூடுதல். அதனால்தான் இங்கிலாந்து முதலில் 30 வயதுக்குக் கீழும், பிறகு 40 வயதுக்குக் கீழும் இருப்பவர்களுக்கு வேறு தடுப்பூசி கொடுத்தது. ரிஸ்க் என்பது மருந்தின் மேல் ஒட்டிய லேபிள் இல்லை. யாருக்கு, எப்போது, எதற்குப் பதிலாக என்பதைச் சேர்த்தால்தான் அதற்குப் பொருளே வருகிறது.

இன்னொரு செய்தி. தடுப்பூசிச் சோதனைகளில் ஒரு பகுதியினருக்கு மருந்தே இல்லாத ஊசி போடுவார்கள், பெரும்பாலும் வெறும் உப்புநீர். 12 கொரோனாத் தடுப்பூசிச் சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்து 2022 தொடக்கத்தில் வெளியான ஆய்வில், அந்தப் போலி ஊசி போட்டவர்களிலும் முதல் டோஸுக்குப் பிறகு 35 விழுக்காட்டினர் தலைவலி, அசதி என்று சொல்லியிருந்தார்கள். அவர்கள் நடிக்கவில்லை. எதிர்பார்ப்பே உடம்பில் வலியாக இறங்கும்.

யாரும் பயப்படாத மருந்து

பயம் வர வேண்டிய இடத்தில் வராமல் போனதற்கு ஸ்டீராய்டு சரியான உதாரணம். டெக்ஸாமெத்தசோன் மிக மலிவான மாத்திரை. 2020 ஜூனில் ஆக்ஸ்போர்டு நடத்திய ரெகவரி சோதனை ஒரு பெரிய நல்ல செய்தியைச் சொன்னது: வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை அது மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜனில் இருந்தவர்களின் இறப்பை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு எந்தப் பயனும் இல்லை என்பதும் அதே முடிவில் இருந்தது. இந்த இரண்டாவது பாதி காற்றில் போய்விட்டது. லேசான காய்ச்சலுக்கே வீட்டில் ஸ்டீராய்டு போட்டுக்கொண்டார்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு அது சர்க்கரையை எகிற வைக்கும், நோய் எதிர்ப்பைக் கீழே தள்ளும். 2021 கோடையில் கரும்பூஞ்சை நோய் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று மருத்துவர்கள் எச்சரித்தார்கள். ஜூன் கடைசிக்குள் இந்தியாவில் 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு அது வந்தது, 3,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். கண்ணை எடுக்க வேண்டியிருந்தவர்கள் உண்டு. உறைவுக் கணக்கோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனாலும் 'ஸ்டீராய்டுக்குப் பயப்படுகிறேன்' என்று அந்த மார்ச்சில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கபசுரக் குடிநீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நானும் குடித்தேன், பெரியம்மா தெருவுக்கே காய்ச்சிக் கொடுத்தார். 'நம்ம மருந்து, பக்கவிளைவே கிடையாது' என்ற பேச்சில்தான் எனக்கு உடன்பாடில்லை. பக்கவிளைவு இல்லை என்று சொல்ல முதலில் எண்ணியிருக்க வேண்டும். கோடிக்கணக்கானவர்கள் குடித்த கஷாயத்துக்கு எத்தனை பேருக்கு வயிற்றெரிச்சல், எத்தனை பேருக்குக் கல்லீரல் தொந்தரவு என்று தடுப்பூசிக்கு எண்ணியதுபோல் நாடு முழுக்க யாரும் எண்ணவில்லை. எண்ணாத இடத்தில் வருகிற பூஜ்யம் பூஜ்யம் இல்லை. தடுப்பூசி ஆபத்தானதாகத் தெரிவதற்கு ஒரு காரணமே அதன் ஆபத்துகளை எண்ணி, எழுதி, உலகத்துக்கே அறிவிக்கிறார்கள் என்பதுதான். கணக்குக் காட்டுகிறவன் மேல்தான் சந்தேகம் விழுகிறது.

எண்ணைச் சொல்லும் விதத்திலும் விபரீதம் உண்டு. 1995 அக்டோபரில் இங்கிலாந்தில், புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்த உறைவு ஆபத்தை இரட்டிப்பாக்குகின்றன என்று மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரித்தது. நூறு விழுக்காடு அதிகம் என்று செய்தி பரவியது. நிஜத்தில் 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது இருவருக்கு வரும், அவ்வளவுதான். பயந்துபோய்ப் பல பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் சேர்த்துக் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடின. கர்ப்பத்தில் ரத்த உறைவு ஆபத்து அந்த மாத்திரையைவிட அதிகம் என்பதுதான் இதில் கொடுமை. அதனால் யாராவது 'இரட்டிப்பு', 'மும்மடங்கு' என்றால், எதிலிருந்து எதுவாக என்று கேளுங்கள்.

தயங்குகிறவர்கள் எல்லோரும் ஏமாளிகள் என்ற பேச்சையும் நான் ஏற்க மாட்டேன். 1955-ல் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசியை எதிர்த்து எழுதியவர் ராஜாஜி. அவர் சொன்ன எல்லாமே சரி என்று சொல்ல முடியாது. ஆனால் ஆதாரம் எங்கே என்று அவர் கேட்டது நியாயம். 1968-ல் தொடங்கி செங்கல்பட்டுப் பகுதியில் லட்சக்கணக்கானவர்களை வைத்து நடத்திய பெரிய சோதனையில், பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. குழந்தைகளுக்கு வரும் கொடிய காசநோய்க்கு அது காப்பு என்பதால் இன்றும் போடுகிறோம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட தாய்க்கு 2017-ல் தட்டம்மை, ரூபெல்லா முகாம் நடந்தபோது வாட்ஸாப் வதந்தி உண்மையாகத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. பயத்துக்கு ஒரு ஞாபகம் இருக்கிறது.

2021-ல் தமிழ்நாட்டில் நடந்த ஒரு சின்னக் காரியம் எனக்கு மிகவும் பிடித்தது. மெகா முகாம்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் நடந்தன. ஊசி போட்டால் கறி சாப்பிடக் கூடாது, குடிக்கக் கூடாது என்று பலர் நம்பியதால் ஞாயிறன்று வரவில்லை. மருத்துவ அறிவுரையில் அசைவத்துக்கு எந்தத் தடையும் கிடையாது. அதைச் சொல்லிப் பார்த்தும் எடுபடாதபோது, அக்டோபரில் முகாமையே சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். கறிக்குழம்போடு சண்டை போடாமல் வேலையை முடித்தார்கள்.

பெரியம்மா ஜூலையில் போட்டுக்கொண்டார். நான் சொன்ன எந்த எண்ணும் அவரை நகர்த்தவில்லை. எதிர்வீட்டுப் பாட்டி ஆக்சிஜன் கிடைக்காமல் இறந்தார். அதற்குப் பிறகு விடியற்காலை நாலு மணிக்கு டோக்கன் வாங்கப் போனார். அப்போது ஊசிக்குத் தட்டுப்பாடு.

2024 மே மாதம் மறுபடி போன். கோவிஷீல்டால் ரத்தம் உறையலாம் என்று லண்டன் நீதிமன்றத்தில் கம்பெனியே ஒப்புக்கொண்டதாக டிவி முழுக்க ஓடிக்கொண்டிருந்தது. 2021 ஏப்ரலிலேயே அறிவித்த அதே அரிதான பக்கவிளைவுதான், புதிதாக ஒன்றும் இல்லை.

"எனக்கு நெஞ்சு படபடங்குதுடா. நான் அதானே போட்டேன்?"

"எப்ப போட்டீங்க பெரியம்மா?"

சர்டிபிகேட்டைத் தேடி எடுத்து வந்தார். எவர்சில்வர் டப்பாவில்தான் இருந்தது. இரண்டாவது டோஸ் போட்டு இரண்டரை வருஷம் தாண்டியிருந்தது. அந்த உறைவு வந்தால் ஊசி போட்ட நாளிலிருந்து ஏறக்குறைய ஆறு வாரத்துக்குள் வரும் என்று சொன்னேன். லட்சம் பேரில் ஒருவர் என்ற கணக்கையும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. டப்பாவை மூடும் ஓசை கேட்டது, பிறகு திறக்கும் ஓசை.

"அப்ப நான் தினம் போடுற மூட்டு வலி மாத்திரைக்கும் இப்படி ஒரு கணக்கு இருக்கும்ல?"

இருந்தது. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளைக் கூடுதல் அளவில் ஒரு வருஷம் தினமும் எடுத்துக்கொண்டால், 1,000 பேரில் கூடுதலாக சுமார் 3 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்பு வரும், அதில் ஒருவர் இறப்பார் என்று 2013-ல் லான்செட் இதழில் வந்த பெரிய ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. ஆயிரத்துக்கு ஒன்று, லட்சத்துக்கு ஒன்று. கணக்கு டீச்சருக்கு நான் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இதை இத்தனை வருஷத்துல ஒரு டிவியிலயும் சொல்லலையேடா" என்றார். மறுநாள் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போனார்.